பழைய சின்னக் காருக்கு மாற்று இன்ஜின் தேர்ந்தெடுப்பது எப்படி? குமரி மாவட்டத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மாருதி 800, ஆல்டோ, பழைய ஜென், வேகன் ஆர், சான்ட்ரோ மாதிரியான பெட்ரோல் கார்களுக்காக எழுதியது இது. டீசல் வண்டிக்குச் சோதனைக் கருவியும் அளவுகளும் வேறு, அதனால் அதை இங்கே சேர்க்கவில்லை.

இன்ஜின் மாற்றப் போகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது விலை. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. விலை படிந்ததும் முன்பணம் கொடுத்து, இன்ஜினை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் நம்பர் பொருந்தவில்லை, கனெக்டர் பொருந்தவில்லை, ரசீது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் இந்த அலைச்சல் பெருமளவு குறையும்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஆர்சி, இன்சூரன்ஸ் பாலிசி, கடன் இருந்தால் அதன் விவரம். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று. உங்கள் மெக்கானிக்கிடம் இருந்தால் போதும். நல்ல டார்ச். போனில் மாட்டி, துளைக்குள் விட்டுப் பார்க்கும் சின்ன போரோஸ்கோப் கேமரா. இணையத்தில் மலிவாகவே கிடைக்கிறது, இந்த ஒரு வேலையிலேயே போட்ட காசு திரும்பிவிடும். மண்ணெண்ணெய், பழைய பிரஷ், வெள்ளைத்தாள், பென்சில். பென்சில் எதற்கென்று பின்னால் வருகிறது.

1. இன்ஜின் நிஜமாகவே போய்விட்டதா?

"புகை அடிக்குது, இன்ஜின் போச்சு" என்று சொல்லிவிட்டால் அது தீர்ப்பாகிவிடாது. எந்த நேரத்தில், என்ன நிறத்தில் புகை வருகிறது என்று கவனியுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல்தான் தேய்ந்திருக்கும். இரவெல்லாம் ஆயில் கசிந்து வால்வ் வழியாக உள்ளே இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் எரிகிறது. இதற்காக இன்ஜினை மாற்றுவது வீண். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம், ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் பக்கம் சந்தேகப்படலாம். வெள்ளைப்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகமான பிளாக்குக்கும் இடையில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். இன்ஜினைச் சூடாக்கிவிட்டு எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டியுங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக ஸ்டார்ட்டரைச் சுழற்றி அளவெடுங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் எடுத்தால் காற்று உள்ளே போகாது. நல்ல இன்ஜினும் நோயாளி மாதிரிதான் காட்டும். அதிகம் பேர் தவறும் இடம் இது.

உங்கள் மாடலுக்கான சரியான எல்லை சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆனால் மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம்தான் அதிகம் பேசும். எல்லாம் ஒரே மாதிரி கொஞ்சம் குறைந்திருந்தால் வயதுத் தேய்மானம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வ் அல்லது கேஸ்கெட். வால்வ், கேஸ்கெட் என்றால் ஹெட்டை மட்டும் இறக்கி வேலை பார்த்தால் போதும். மாற்று இன்ஜின் பற்றிய பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

2. பழைய இன்ஜின் எதனால் போனது?

இதைக் கண்டுபிடிக்காமல் புது இன்ஜின் வைத்தால் அதுவும் அதே வழியில் போகும்.

நம் மாவட்டத்தில் சின்னக் கார் இன்ஜின்கள் கெடுவதற்குச் சூடு பெரிய காரணம். ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றி ஓட்டுவது இங்கே சாதாரணம். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம். வருஷக்கணக்கில் துருவும் படிவும் சேர்ந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைபடும். காலி ரோட்டில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்தால் டெம்பரேச்சர் முள் ஏறும். ஃபேன் சுவிட்ச், ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட் மூன்றையும் இப்போதே சோதியுங்கள்.

அடுத்தது ஆயில் குறைந்தது தெரியாமல் ஓட்டியது. பேரிங் அடித்துப் போன இன்ஜினில், அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றினால் ஆயிலில் மினுமினுப்பாக உலோகத்தூள் தெரியும். அப்படி இருந்தால் ஆயில் எங்கே கசிந்தது, எரிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மழைநேரத்தில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டி, ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டனை இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கோடு இணைக்கும் கான்ராட் வளைந்துவிடும். இந்த வகையில் ரேடியேட்டர் மேல் பழியில்லை, ஆனால் ஏர் இன்டேக் குழாய் சரியான உயரத்தில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

3. வண்டிக்கு அந்தச் செலவு தகுமா?

முதலில் ஆர்சியில் பதிவு எந்தத் தேதி வரை என்று பாருங்கள். தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆனது. பசுமை வரி போன்றவை தனி. இந்தத் தொகைகள் மாறிக்கொண்டே இருப்பதால் பரிவாகன் தளத்தில் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு முடிய சில மாதமே இருந்தால் இன்ஜின் வேலையையும் புதுப்பிப்பையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்து துரு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வெளியில் நின்ற வண்டி என்றால் மேல் பெயின்டை நம்பாதீர்கள். வண்டியைத் தூக்கி, இன்ஜின் உட்காரும் கிராஸ் மெம்பர், மவுண்டிங் போல்ட் ஏறும் இடம், சஸ்பென்ஷன் மேல்பக்கம், கால்வைக்கும் தளம் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் அந்த வண்டிக்கு இன்ஜின் வாங்காதீர்கள். சேஸ் நம்பர் அடித்த இடத்தையும் பாருங்கள். துருவில் எண் அழிந்திருந்தால் பதிவு புதுப்பிக்கும்போது அதுவே பெரிய சிக்கல்.

என் கணக்கு இது: இன்ஜின், கூலி, சில்லறைச் சாமான், ஆர்டிஓ செலவு எல்லாம் சேர்த்து, அதே மாடல் ஓடும் வண்டியின் சந்தை விலையில் பாதியைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி, அப்பா வாங்கிய வண்டி என்று விடமுடியாத காரணம் இருந்தால் அது வேறு கணக்கு.

4. எந்த வழியில் போவது?

வழிகள் நான்கு. இவற்றுக்கிடையே உள்ள பெரிய வித்தியாசம் விலை இல்லை, இன்ஜின் நம்பர். அந்த நம்பர் சிலிண்டர் பிளாக்கில் அடித்திருக்கும். பிளாக் மாறினால் நம்பர் மாறும். நம்பர் மாறினால் ஆர்சி மாற வேண்டும்.

முதல் வழி, உங்கள் பிளாக்கையே சரிசெய்வது. லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, தேவைப்பட்டால் கிராங்கைக் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் போடுவது. மாருதி 800-இன் எஃப்8பி இன்ஜினுக்கு வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் இந்த வேலை நன்றாகவே நடக்கும். பழைய ஜென், பிற்கால மாருதிகளின் கே சீரிஸ் இன்ஜின்கள் அலுமினிய பிளாக்; அந்த வேலை செய்து பழகிய லேத்காரரா என்று முன்பே கேளுங்கள். நம்பர் மாறாது, ஆர்டிஓ வேலை கிடையாது. முடிந்தவரை இந்த வழியைத்தான் நான் சொல்வேன்.

இரண்டாவது, உங்கள் பிளாக்கை வைத்துக்கொண்டு வேறு இன்ஜினிலிருந்து நல்ல ஹெட் மட்டும் வாங்குவது. சூட்டில் ஹெட் வளைந்தோ வெடித்தோ போனவர்களுக்கு இது சரி. இதிலும் நம்பர் மாறாது.

மூன்றாவது, ஹாஃப் இன்ஜின். அதாவது கிராங்க், பிஸ்டனோடு பிளாக் மட்டும் வாங்கி உங்கள் ஹெட்டை அதில் ஏற்றுவது. "பாதி தானே மாத்துறோம்" என்று பலர் ஆர்டிஓவை மறந்துவிடுகிறார்கள். மாறுவது நம்பர் உள்ள பாதி.

நான்காவது, முழு இன்ஜின். பிளாக்கே உடைந்துவிட்டது, கான்ராட் வெளியே வந்துவிட்டது என்றால் இதைத் தவிர வழியில்லை. இனி வரும் பகுதிகள் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வழிக்காரர்களுக்கு.

5. பொருந்தும் இன்ஜின் எது?

மாடல் பெயரை வைத்து இன்ஜின் தேடாதீர்கள். இன்ஜின் வகையை வைத்துத் தேடுங்கள். ஒரே பெயரில் வந்த கார்களுக்குள்ளேயே வேறு வேறு இன்ஜின்கள் இருக்கின்றன.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் வண்டியும் உண்டு, இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் போகும் எம்பிஎஃப்ஐ வண்டியும் உண்டு. எம்பிஎஃப்ஐயிலும் ஆறு வால்வ் ஒன்று, பன்னிரண்டு வால்வ் ஒன்று. எல்லாமே 796 சிசிதான். ஆர்சியில் சிசி ஒன்றாக இருக்கிறது என்று வாங்கினால் ஹெட், இன்டேக், வயரிங் எல்லாம் வேறாக வந்து நிற்கும்.

ஆம்னி இன்ஜினும் 796 சிசிதான். ஆனால் 800-இல் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆம்னியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. மவுண்டிங், சம்ப் போன்றவை அதற்கேற்ப மாறும். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள்.

வேகன் ஆரில் 2010 வாக்கில் பெரிய மாற்றம். அதற்கு முன் எஃப்10டி, 1061 சிசி, நான்கு சிலிண்டர், டைமிங் பெல்ட். பின் கே10பி, 998 சிசி, மூன்று சிலிண்டர், டைமிங் செயின். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நேராக உட்காராது. ஜென் எஸ்டிலோவிலும் 2009-இல் இதே மாற்றம் நடந்தது. எஸ்டிலோவுக்கு முந்தைய பழைய ஜென் முற்றிலும் வேறு. அதில் ஜி10பி, 993 சிசி.

சான்ட்ரோவில் ஆரம்ப வண்டிகள் 999 சிசி. 2003-இல் வந்த சான்ட்ரோ ஜிங் 1086 சிசி. "பெரிசு போட்டா இழுவை கூடும்" என்று பழைய வண்டியில் 1086 வைக்க ஆசைப்படுவோர் உண்டு. ஜென்னில் எஸ்டீம் இன்ஜின் வைக்கும் ஆசையும் அப்படித்தான். வேண்டாம். ஆர்சியில் உள்ள விவரம், கம்பெனி முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே மேக், அதே டைப் என்ற எல்லைக்குள் நில்லுங்கள்.

வகை பொருந்தினால், வருஷத்தைப் பாருங்கள். புகைக்கட்டுப்பாட்டு விதி மாறியபோதெல்லாம் சென்சார்களும் கனெக்டர்களும் மாறின. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: வாங்கும் இன்ஜினிலிருந்து பிளாக்கும் ஹெட்டும் மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் வண்டியின் இன்டேக், த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், சென்சார்கள், வயரிங், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசிஎம் அப்படியே மாற்றி மாட்டுவது. அதற்கு சென்சார் உட்காரும் துளைகள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பழைய இன்ஜினை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேஸ் போட்டு ஓடிய வண்டியின் இன்ஜின் என்றால் வால்வ் சீட்டைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எல்பிஜி, சிஎன்ஜியில் அது சீக்கிரம் தேயும்.

6. இன்ஜினுக்கு முன் காகிதம்

இன்ஜினைப் பார்க்கப் போகும் முன்பே போனில் கேட்க வேண்டியது: "அண்ணே, எந்த வண்டில இருந்து எடுத்தது? நம்பர் போட்டோ அனுப்ப முடியுமா? பில் தருவீங்களா?" மூன்றில் ஒன்றுக்காவது இழுத்தடித்தால் பெட்ரோலை மிச்சப்படுத்திவிடலாம்.

வாங்க வேண்டியவை: இன்ஜின் நம்பர் எழுதிய ரசீது, இன்ஜின் இருந்த வண்டியின் பதிவெண், அந்த வண்டியின் ஆர்சி நகல் அல்லது பதிவு ரத்தான கடிதத்தின் நகல், விற்பவரின் அடையாள நகல். களியக்காவிளை தாண்டிக் கேரளத்திலிருந்து வரும் இன்ஜினுக்கும் இதே கணக்குத்தான்.

நம்பர் கிடைத்ததும் அது திருட்டு வண்டியினுடையதா என்று பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் இன்ஜின் நம்பரையும் சேஸ் நம்பரையும் கொடுத்துத் தேடலாம். இதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். திருட்டு இன்ஜின் என்று பின்னால் தெரிந்தால் பணம் போவது மட்டுமில்லை, ஸ்டேஷனுக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

"நம்பரை அழிச்சு உங்க நம்பரை பஞ்ச் பண்ணிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது குற்றம். அப்படிச் சொல்பவரிடம் வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

7. எங்கே தேடுவது?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஆக்கர் கடைகளில் (பழைய சாமான் கடைகளில்) முதலில் விசாரியுங்கள். பக்கத்தில் வாங்கினால் பிரச்சினை வந்தால் போய் நிற்கலாம். அடுத்து திருவனந்தபுரம், மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு அது ஏறக்குறைய நாகர்கோவில் மாதிரியே பக்கம். அபூர்வமான மாடல் என்றால் கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து நேரில் பார்க்காமல் லாரி பார்சலில் வரவழைப்பது எனக்குப் பிடிக்காது. படத்தில் காட்டியது ஒன்று, வந்து இறங்கியது ஒன்று என்றால் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

இன்னொரு வழியும் உண்டு. பின்னால் இடிபட்டு விபத்தில் சிக்கிய வண்டியை முழுசாக வாங்கிவிடுவது. இன்ஜினை ஓட்டியே பார்க்கலாம், காகிதம் முழுசாக இருக்கும், ரேடியேட்டர், சென்சார், ஆல்டர்னேட்டர் எல்லாம் கூடவே வரும். வைக்க இடமும், மீதியைத் தள்ளிவிடும் பொறுமையும் வேண்டும்.

8. கடையில் இன்ஜினைப் பார்க்கும் விதம்

"ஓடிட்டிருந்த வண்டியில இருந்து எறக்குன இன்ஜினாக்கும்" என்பது எல்லா இன்ஜினுக்கும் சொல்லும் வாசகம். சொன்னது இருக்கட்டும், நீங்கள் பாருங்கள்.

முதலில் வெளித்தோற்றம். புழுதியும் ஆயில் கறையும் படிந்த இன்ஜினைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அது உண்மையைக் காட்டுகிறது. பளபளவென்று வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கசிவுத் தடத்தை மறைக்கப் பெயின்டைவிட மலிவான வழி கிடையாது.

ஹெட் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்ட புதுக்காயம், ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் பிதுங்கிய சிலிக்கோன் இருந்தால் திறந்து வேலை பார்த்த இன்ஜின். திறந்ததாலேயே கெட்டது என்று சொல்ல முடியாது. ஏன் திறந்தார்கள் என்று கேளுங்கள். பதிலில் தெளிவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். பழுப்பு நிறம் சரி. கரிய தார் மாதிரி திட்டுத்திட்டாகப் படிந்திருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டி. பால் விட்ட காபி நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டிப்ஸ்டிக் கம்பியில் துரு ஏறியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம்.

பிளக்கைக் கழற்றி போரோஸ்கோப்பை இறக்குங்கள். சிலிண்டர் சுவரில் மேலும் கீழுமாக ஆழமான கீறல் இருக்கிறதா, துரு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்குப் பின்னால் பிளக் இல்லாமல் ஒரு பருவமழை நின்ற இன்ஜினில் அந்தத் துரு கண்டிப்பாக இருக்கும். நமக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பிளக் துளை மூடியிருந்ததா, மேலே தார்ப்பாய் இருந்ததா என்று கடையைச் சுற்றிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

கிராங்க் புல்லி நட்டில் சாக்கெட் போட்டுக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றுங்கள். சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் இறுகினாலோ தட்டினாலோ வேண்டாம். புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால், கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் தேய்ந்திருக்கிறது.

வெள்ளத்தில் நின்ற வண்டியின் இன்ஜின்தான் பெரிய பொறி. 2018 ஆகஸ்டில் கேரளத்தில், 2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் எவ்வளவு வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் இடுக்குகளில், வயர் கனெக்டர் உள்ளே காய்ந்த வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். போரோஸ்கோப்பில் பிஸ்டன்களை மேலே கொண்டுவந்து, எல்லாம் ஒரே உயரத்துக்கு வருகிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரு பிஸ்டன் மட்டும் சற்றுத் தாழ்ந்து நின்றால் அந்தக் கான்ராட் வளைந்திருக்கிறது.

கடைசியாகக் கம்ப்ரஷன். தரையில் கிடக்கும் இன்ஜினுக்கும் எடுக்கலாம். கியர்பாக்ஸோடு இருந்தால் ஸ்டார்ட்டரை மாட்டி, பேட்டரி கொடுத்து, த்ராட்டிலைத் திறந்து வைத்து அளவெடுக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின் என்பதால் எண் குறைவாகத்தான் வரும். சிலிண்டர்களுக்குள் ஒற்றுமை இருக்கிறதா என்பதே கேள்வி. இதற்குச் சம்மதிக்காத கடையில் நான் வாங்க மாட்டேன்.

சம்ப்பைக் கழற்றிப் பார்க்க விட்டால் அதிர்ஷ்டம். அடியில் உலோகத்தூள் இல்லையென்றால் பேரிங் பற்றிப் பெரிய கவலை வேண்டாம்.

கிலோமீட்டர் எவ்வளவு ஓடியது என்று கேட்காதீர்கள். அந்தப் பதிலைச் சரிபார்க்க வழியில்லை.

9. விலையும் வாரண்டியும்

இப்போது விலை பேசலாம். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், இன்டேக் சேர்த்தா, சேர்க்காமலா என்பதை முதலில் தெளிவாக்குங்கள். ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகு கெட்டால் இன்ஜினை மாற்றித் தருவார்களா, பணம் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இறக்கி ஏற்றும் கூலி யாருடையது என்பதையும் எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அந்தக் கூலியில்தான்.

10. ஏற்றும் முன் மாற்ற வேண்டியவை

இன்ஜின் வெளியே இருக்கும்போது கை எட்டும் சாமான்களை அப்போதே மாற்றுங்கள். கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் சின்ன ரப்பர் வளையம்தான். ஆனால் ஏற்றிய பிறகு அது கசிந்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றுக்கும் அதே நியாயம்.

டைமிங் பெல்ட் வண்டி என்றால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், முன்பக்க சீல்கள் எல்லாம் புதிது. கடைக்காரர் "பெல்ட் நல்லா இருக்கே" என்பார். ரப்பரின் வயது பார்த்தால் தெரியாது. தெர்மோஸ்டாட், பிளக், ஆயில் ஃபில்டர், கூலண்ட் ஹோஸ்கள் எல்லாமே மாற்றுங்கள். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் நல்ல இன்ஜினும் ஆடி, கெட்ட இன்ஜின் என்று பெயர் வாங்கும்.

ரேடியேட்டரை வெளியே எடுத்து சுத்தம் செய்யக் கொடுங்கள். அடைப்பு அதிகமென்றால் புதிதே நல்லது. இனிமேல் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும்தான். கிணற்றுத் தண்ணீர் கண்டிப்பாகக் கூடாது.

11. நம்பரைத் தரையிலேயே பதிந்துகொள்ளுங்கள்

பென்சிலை இப்போது எடுங்கள். இன்ஜின் தரையில் இருக்கும்போதே நம்பர் உள்ள இடத்தை மண்ணெண்ணெய் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். கிரைண்டர், எமரி ஷீட் பக்கம் போக வேண்டாம். லேசாகத் தேய்ந்தால்கூட நம்பரில் கைவைத்த மாதிரி தெரியும். வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் மேலே உரசி அச்செடுங்கள். போட்டோவும் எடுங்கள். ஏற்றிய பிறகு அந்த இடம் குழாய்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ஆய்வாளர் முன்னால் கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கும்.

12. முதல் ஸ்டார்ட்

ஆயில் ஊற்றியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றி, பெட்ரோலைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். பல மாதம் சும்மா கிடந்த இன்ஜினில் பேரிங்குகள் காய்ந்திருக்கும். ஆயில் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓட விட வேண்டும்.

பிறகு ஸ்டார்ட் செய்து, கூலண்டில் உள்ள காற்றை வெளியேற்றி, ஃபேன் தானாக ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். ஃபேன் ஓடாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஓட்டிப் பார்க்க முதலில் ஊருக்குள்ளேயே நெரிசலில் ஒரு சுற்று. அது சரியாக இருந்தால் குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை பக்கம் ஏற்ற இறக்கத்தில் ஒரு சுற்று. திரும்பி வந்ததும் அடியில் அட்டை விரித்து இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் அட்டையைப் பார்த்தால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

பழைய இன்ஜின் என்றால் 500 கி.மீ. ஓடியதும் ஆயிலும் ஃபில்டரும் ஒருமுறை மாற்றுங்கள். உள்ளே படிந்த கசடு அதற்குள் கிளம்பிவிடும். ரீபோர் செய்த இன்ஜின் என்றால் முதல் ஆயிரம் கி.மீ. வரை ஒரே வேகத்தில் நீண்டதூரம் ஓட்டாமல், அதிகம் முறுக்காமல் ஓட்டுங்கள்.

13. ஆர்டிஓ, இன்சூரன்ஸ், பழைய பிளாக்

டிஎன் 74 வண்டி என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம் அலுவலகம். வேறு ஊர்ப் பதிவாக இருந்தால், நீங்கள் இப்போது குடியிருக்கும் எல்லைக்குரிய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். இன்ஜின் வாங்கும் முன்பே, காகிதங்களின் நகலோடு போய் ஆய்வாளரிடம் என்னென்ன வேண்டும் என்று கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு ஏற்றுவதே நல்லது. மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்சியில் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஏற்றி முடித்த வாரமே போனால் அந்தக் கெடுவுக்குள் வேலை முடியும். கடன் உள்ள வண்டிக்கு நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. அது வரத் தாமதமாகும் என்பதால் அதையே முதலில் கேட்டு வையுங்கள்.

ஆர்சியில் புது நம்பர் ஏறியதும் அதன் நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுத்து பாலிசியிலும் மாற்றுங்கள். பாலிசியில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்றால் விபத்து இழப்பீடு கேட்கும்போது இழுபறியாகும்.

அதுவரை பழைய பிளாக்கைக் கொடுத்துவிடாதீர்கள். ஆய்வாளர் கேட்கலாம். புதிதாக வைத்தது சரிவரவில்லையென்றால் ரீபோருக்குத் திரும்பவும் அதுதான் கைகொடுக்கும். எல்லாம் முடிந்து ஆக்கர் கடைக்குப் போடும்போது, உங்கள் பழைய இன்ஜின் நம்பரையும் தேதியையும் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நம்பர் இதுவரை உங்கள் பெயரில் இருந்த நம்பர். நாளைக்கு அது வேறொரு வண்டியில் ஏறினால் முதலில் உங்களைத்தான் தேடி வருவார்கள்.